வளர்ப்பு மகன்: மதுரை வீரன் திரைப்படமான கதை

இந்த நினைவுச் சொற்பொழிவில் இதுவரை பேசியவர்கள் பஞ்சமி நிலம், தனிக்குவளை, உள் ஒதுக்கீடு என்று கனமான பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு பழைய சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்களில் ஒருவர், "அதுக்கு எதுக்கு நினைவுச் சொற்பொழிவு தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அவர் ஒரு கூத்து வாத்தியார் என்பதும், நாற்பது ஆண்டுகள் அவர் கட்டிய வேடம் மதுரை வீரன் என்பதும் என்னுடைய பதில். வாத்தியாரின் வீரனுக்கும் எம்.ஜி.ஆரின் வீரனுக்கும் இடையில் ஒரு வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்ல எனக்கு இந்த மாலைப்பொழுது முழுவதும் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். விடிய விடிய மூன்று படம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி ஓர் இரவில் 'மதுரை வீரன்' போட்டார்கள். தாத்தா செருப்புத் தைத்தவர். கவலைக் கிணறுகள் இருந்த காலத்தில் தோல் சால் தைத்தவர். எங்கள் எல்லையில் குதிரைமேல் வாளோடு நிற்கும் வீரனுக்கு ஆண்டுதோறும் கோழி அறுப்பவரும் அவரே. படம் தொடங்கியது. ராஜாவுக்குக் குழந்தை பிறக்கிறது. குழந்தையால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடம் சொல்கிறது. குழந்தை காட்டில் விடப்படுகிறது. சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். நான் தாத்தாவைக் கேட்டேன்: "ஏந் தாத்தா, வீரன் நம்ம சாமி இல்லியா? ராஜா மகனா?" தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சினிமாக்காரன் அப்பிடித்தான் எடுப்பான், நீ பாரு" என்றார். சினிமாக்காரன்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் நிம்மதியாகப் படம் பார்த்தார். சமூகவியல் முதுகலை படிக்கப் போனபிறகுதான் அந்தப் பழி முழுக்கச் சினிமாக்காரனுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

படத்தைப் பற்றிய விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 'மதுரை வீரன்' 1956 ஏப்ரல் 13ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்தது. தயாரித்தவர் கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார். இயக்கம் டி. யோகானந்த். வசனம் கண்ணதாசன். இசை ஜி. ராமநாதன். வீரனாக எம்.ஜி. ராமச்சந்திரன், பொம்மியாக பி. பானுமதி, வெள்ளையம்மாளாகப் பத்மினி, திருமலை நாயக்கராக ஓ.ஏ.கே. தேவர். வளர்த்த பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். அன்றைய நிலையில் ஒரு தயாரிப்பாளர் ஒரே படத்தில் சேர்க்கக்கூடிய பெரும் பெயர்கள் ஏறத்தாழ எல்லாமே இதில் இருக்கின்றன. நூறு நாள் ஓடுவதே பெருமையாக இருந்த காலத்தில் பல ஊர்களில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அதற்கு முன்பே, முப்பதுகளின் பிற்பகுதியில், டி.பி. ராஜலட்சுமி இதே பெயரில் இதே கதையைப் படமாக்கியிருக்கிறார். தமிழின் முதல் பெண் இயக்குநர் எடுத்துக்கொண்ட கதை எங்கள் எல்லைச்சாமியின் கதை என்பதை நம் ஆட்கள்கூட அதிகம் சொல்வதில்லை.

எட்டாண்டுகளுக்கு முன், 1948இல், வாசனின் 'சந்திரலேகா' வந்திருந்தது. முரசுகளின்மேல் நடனம், குதிரைகள், சர்க்கஸ், கோட்டை. சுமார் 30 லட்சம் செலவு. ராஜா ராணிப் படம் எடுத்தால் கண்ணைப் பறிக்கும்படி எடுக்க வேண்டும் என்ற விதியை அந்தப் படம்தான் போட்டது. அந்த விதிப்படி எடுக்க வேண்டுமானால் கதையில் அரண்மனை வேண்டும், படை வேண்டும், நாட்டிய மண்டபம் வேண்டும். மதுரை வீரன் கதையில் இவை மூன்றும் இருக்கின்றன. சேரியும் இருக்கிறது. தயாரிப்பாளருக்குச் சிக்கல் அங்கேதான்.

கதைப்பாடலில் உள்ள கதையை இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசி ராஜாவுக்குப் பிறந்த குழந்தை மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்படுகிறது. சக்கிலியர் குலத்துச் சின்னானும் அவன் மனைவி செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். அவர்கள் தெற்கே வந்து பொம்மண நாயக்கனின் பாளையத்தில் ஊழியம் செய்கிறார்கள். நாயக்கன் மகள் பொம்மி பெரியவளாகிறாள். ஊருக்கு வெளியே பச்சை ஓலைக் குடிசை கட்டி அவளை வைக்கிறார்கள். இரவில் குடிசைக்குக் காவல் இருப்பது சின்னானின் முறை. மழை பெய்த ஓர் இரவில் தந்தைக்குப் பதில் மகன் காவலுக்குப் போகிறான். அங்கே தொடங்குகிறது காதல். இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். துரத்தி வந்த பொம்மண நாயக்கனும் படையும் வீழ்கிறார்கள். திருச்சியில் அரச வேலை கிடைக்கிறது. அங்கிருந்து மதுரைக்குத் திருமலை நாயக்கரிடம் அனுப்பப்பட்டு, அழகர் மலைப் பக்கத்துக் கள்ளர்களை அடக்குகிறான். அரண்மனையைச் சேர்ந்த நாட்டியக்காரி வெள்ளையம்மாளைக் கவர்ந்து செல்லும்போது பிடிபடுகிறான். மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. மாண்ட வீரன் மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே காவல் தெய்வமாகிறான்.

குடிசைக் காவல் என்ற ஒரு செய்தியில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். தீட்டுக் குடிசை என்பது ஊர் விலக்கி வைத்த இடம். ஊர் விலக்கி வைத்த மனிதனை அதற்குக் காவல் வைத்தார்கள். ஒரு தீட்டைக் காக்க இன்னொரு தீட்டு. தம் வீட்டுப் பெண்ணும் அவனும் அங்கே மனிதர்களாகச் சந்தித்துக்கொள்ள முடியும் என்று ஊருக்குத் தோன்றவே இல்லை. சாதி தன் ஒழுங்கை எவ்வளவு நம்பியதோ அவ்வளவு ஓட்டை அதில் இருந்தது. கதைப்பாடலை முதலில் கட்டியவர் யாராக இருந்தாலும் இந்த ஊழியத்தை உள்ளிருந்து பார்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்த்தவருக்கு மழை பெய்த இரவில் யாருடைய முறை, யார் பதிலுக்குப் போனார் என்ற கணக்கு தெரிந்திருக்காது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்சியில் வீரனுக்கு வேலை கொடுத்ததாகக் கதைப்பாடல் சொல்லும் விஜயரங்கச் சொக்கலிங்கத்தின் பெயரோ, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரங்கச் சொக்கநாதரை நினைவூட்டுகிறது. இருவருக்கும் இடையில் அரை நூற்றாண்டு. இதைக் காட்டி, மதுரை வீரன் வரலாறே இல்லை, வெறும் கதை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. கதைப்பாடல் ஒரே நாளில் ஒரே ஆள் கட்டியதல்ல. பாடியவர்கள் தங்களுக்குத் தெரிந்த அரசன் பெயரைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அரசன் பெயரைச் சேர்க்க முடிந்தவர்களுக்கு அரச பிறப்பைச் சேர்க்கவும் முடியும்.

காசி ராஜா பகுதி பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று நாம் கருதுவதற்குக் கதைக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் வரும் காசி அதன்பிறகு கதையில் எந்த வேலையும் செய்வதில்லை. பெற்ற அரசன் தேடி வருவதில்லை. வீரன் தன் பிறப்பைக் கண்டறிந்து மகுடம் சூடுவதில்லை. பொம்மண நாயக்கன் படையெடுத்து வருவது சக்கிலியன் தன் மகளைத் தூக்கிப் போனான் என்றுதான். தண்டனை பெறுவதும் அப்படித்தான். காசியை வெட்டி எடுத்துவிட்டால் கதையின் ஓர் எலும்புகூட அசையாது. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை மாமனுக்கு ஆகாது என்பது நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படும் நம்பிக்கை. சேரிக் குழந்தைக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய ஒன்றை அரண்மனைக் குழந்தைக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

இது வீரனுக்கு மட்டும் நடந்ததும் அல்ல. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனரான முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலைக் களைந்து, செருப்புத் தைத்து, அந்தக் குலத்தவனாகவே மாறி மணக்கிறான். ஆடு மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். இந்தக் கதையிலும் சில வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடைத்தவர்கள், பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு செருகல் வந்துவிடுகிறது. இடைச்செருகல் என்பதை வானமாமலை அன்றே சுட்டிக்காட்டினார். காத்தவராயன் கதையோ பறையர் இளைஞன் பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய கதை. 1941இல் பி.யு. சின்னப்பா நடித்த 'ஆர்யமாலா'வாகவும், 1958இல் சிவாஜி கணேசன் நடித்த 'காத்தவராய'னாகவும் அது படமானது. அங்கே நாயகன் பார்வதியின் மகன். சாபத்தால் மண்ணுக்கு வந்தவன். மூன்று கதைகளிலும் ஒரே மருந்து. காதலைத் தடுக்க முடியவில்லை, கதையை மறக்கடிக்கவும் முடியவில்லை. ஆகவே காதலித்தவரின் தாயை மாற்றிவிட்டார்கள். நம் பெண்களின் வயிற்றில் வீரன் பிறக்க முடியாது, நம் பெண்களின் மடியில் வளர மட்டும் முடியும்.

இதைத் தெரிந்துகொண்டு லேனா செட்டியாரின் படத்துக்குத் திரும்பினால், 1956இல் அவர்கள் முன் ஒரு தேர்வு இருந்தது புலப்படும். எம்.ஜி.ஆர். 1953இலேயே திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்துவிட்டார். கண்ணதாசன் அப்போது கழகத்தின் கவிஞர். பராசக்தி வந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. திரையில் பகுத்தறிவும் சாதி எதிர்ப்பும் பேசிக் கைத்தட்டல் வாங்க முடியும் என்று நிரூபணமாகியிருந்தது. காசி ராஜாவைத் தூக்கியெறிய அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அவர்கள் தூக்கியெறியவில்லை. படத்தில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று வீரன் பேசுகிறான். வசனம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது அவன் இளவரசன் என்று. அந்த வசனத்தைக் கேட்டு எந்த மேல்சாதிப் பார்வையாளருக்கும் வியர்க்க வேண்டிய அவசியம் இல்லை. பொம்மியின் தகப்பனுக்குத் தெரியாத இரகசியம் பெஞ்சு டிக்கெட்டுக்காரருக்குத் தெரியும். சாதியை எதிர்த்துப் பேசலாம், பேசுகிறவன் மட்டும் அந்தச் சாதியாக இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு இது.

தயாரிப்பாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரும் பணம் போட்டு எடுக்கும் படம் ஊர்த்தெருக்காரர்களும் பார்த்தால்தான் திரும்பி வரும். அன்றைய டூரிங் கொட்டகைகளில் தரை டிக்கெட்டும் பெஞ்சும் நாற்காலியும் தனித்தனி. நாற்காலிக்காரர் எழுந்து போகாமல், தரைக்காரர் விசிலடிக்கும்படி ஒரு வீரன் வேண்டும். காசி ராஜா நாற்காலிக்கு. சின்னான் வீடு தரைக்கு. கணக்கு சரியாக வந்தது, படம் ஓடியது. அதே தயாரிப்பாளர் 1960இல் அதே எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினியை வைத்து 'ராஜா தேசிங்கு' எடுத்தார். அது இதைப்போல ஓடவில்லை. நட்சத்திரங்கள் அவர்களே, தரை டிக்கெட்டுக்காரர் தன் வீட்டைப் பார்க்கும் ஒரு காட்சியும் அங்கே இல்லை என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. சினிமா வரலாறு எழுதுவோர் வேறு காரணம் சொல்லலாம்.

சின்னானும் செல்லியுமாகக் கலைவாணரையும் மதுரத்தையும் போட்டது பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. நகைச்சுவை ஜோடியைப் பெற்றோராக்கியதால் அந்தக் குடிசை சிரிப்பதற்கான இடமாகிவிட்டது. அரண்மனையில் துயரம் நடக்கும், சேரியில் வேடிக்கை நடக்கும். அது ஒரு மனம். இன்னொன்று, கலைவாணர் எவரையும் கீழே வைத்துச் சிரித்தவர் இல்லை. பெறாத பிள்ளைமேல் அந்த இருவரும் காட்டும் பாசத்தில் பொய் தெரியவில்லை. எங்கள் சேரிப் பெண்கள் மதுரத்தைப் பார்த்து அழுதார்கள், சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கலைவாணர் மறைந்தார். தமிழ்த் திரையில் செருப்புத் தைக்கும் குடும்பத்தின் தலைவனாக ஒரு பெருங்கலைஞர் நின்றதை நன்றியோடு சொல்லிவிட்டே என் குறையைச் சொல்ல விரும்புகிறேன்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில், அடித்தட்டு மக்களின் நாட்டார் வீரர்களின் இடத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஆராய்ந்தார். என் தாத்தாவின் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்கு நடுவே எம்.ஜி.ஆர். இருந்ததன் பொருள் எனக்கு அதைப் படித்தபோது விளங்கியது. எல்லையில் நின்ற வீரனுக்கும் சுவரில் தொங்கிய தலைவருக்கும் முகம் ஒன்றாகிவிட்டிருந்தது. எங்கள் சாமியிடமிருந்து அவருக்குப் போனது அதிகம். அவரிடமிருந்து எங்களுக்கு வந்தது என்ன என்பதை அரசியல் தோழர்கள் வேறு மேடையில் பேசட்டும்.

இப்போது வடக்கே போகிறேன். நம் வீரன் இங்கே நூறாவது நாளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, பம்பாயில் கே. ஆசிப் 'முகல்-இ-ஆசம்' எடுத்துக்கொண்டிருந்தார். 1944இல் அறிவித்த படம். நாற்பதுகளில் தொடங்கிய முதல் முயற்சி நாடு பிரிந்ததில் நின்றது. பணம் போட்ட ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தானுக்குப் போனார். அக்பராக நடிக்கவிருந்த சந்திரமோகன் 1949இல் இறந்தார். பிறகு கட்டுமானத் தொழிலதிபர் ஷபூர்ஜி பலோன்ஜி பணம் கொடுக்க, பிருத்விராஜ் கபூர், திலீப் குமார், மதுபாலா என்று புதிய நடிகர்களோடு மறுபடி தொடங்கியது. மொத்தச் செலவு ஒன்றரைக் கோடி என்பார்கள். கண்ணாடி மாளிகை அரங்கம் மட்டும் கட்டி முடிய இரண்டாண்டு. அதில் எடுத்த ஒரு பாட்டுக்கு 10 லட்சம். அன்று ஒரு முழுப் படத்தையே அதற்குள் எடுத்துவிடலாம். போர்க் காட்சிக்கு இந்தியப் படையின் ஜெய்ப்பூர்ப் பிரிவு வீரர்கள் வந்தார்கள். 1960 ஆகஸ்ட் 5இல் பம்பாய் மராத்தா மந்திரில் வெளியானது. காட்சிகளைத் தமிழ் வசனத்திலும் சேர்த்தே எடுத்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1961இல் 'அக்பர்' என்று தமிழில் வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது.

அனார்கலி இருந்தாளா என்பதற்கு முகலாய வரலாற்று நூல்களில் சான்று இல்லை. அபுல் பசலோ ஜஹாங்கீரின் தன்வரலாறோ அவளைச் சொல்வதில்லை. லாகூருக்கு வந்த ஆங்கில வணிகர் வில்லியம் பிஞ்ச் எழுதிவைத்த வாய்வழிச் செய்தி, லாகூரில் ஒரு கல்லறை, 1922இல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய உருது நாடகம். இவ்வளவுதான் ஆதாரம். மதுரை வீரனுக்கு உள்ள அளவே. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அனார்கலி அரண்மனைப் பணிப்பெண். படம் முழுக்கப் பணிப்பெண்ணாகவே இருக்கிறாள். கடைசியில் அவள் ஏதோ ராஜபுத்திர அரசனின் தொலைந்துபோன மகள் என்று தெரியவரவில்லை. பாதுஷாவின் மகன் வேலைக்காரியை விரும்பினான் என்ற அதிர்ச்சியை ஆசிப் அப்படியே விட்டுவைத்தார். இரண்டு காரணம் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, தாழ்ந்தவள் பெண். மேலிருக்கும் ஆண் கீழிருக்கும் பெண்ணை விரும்புவது அரண்மனைகளுக்குப் புதிதல்ல. திருமணம் செய்வேன் என்றதுதான் குற்றம். கீழிருக்கும் ஆண் மேலிருக்கும் பெண்ணைக் கைப்பிடித்தால் அது போர். இரண்டு, அவள் அடிமை, அவ்வளவே, தீண்டத்தகாதவள் அல்ல. அடிமைத்தனத்திலிருந்து அரசன் ஒரு சொல்லில் விடுதலை தரலாம். தீண்டாமையிலிருந்து விடுதலை தரும் சொல் எந்த அரசனிடமும் இருந்ததில்லை. முத்துப்பட்டனைப் போல இறங்கி வந்தால் உண்டு.

ஆசிப் தன் படத்துக்கு எங்கெங்கிருந்து என்னென்ன வரவழைத்தார் என்பது சினிமா வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும். தையற்காரர்கள் தில்லியிலிருந்து. சரிகை வேலை சூரத்திலிருந்து. நகை ஹைதராபாத்திலிருந்து. மகுடம் கோலாப்பூரிலிருந்து. ஆயுதங்கள் ராஜஸ்தான் கொல்லர்களிடமிருந்து. காலணிகள் ஆக்ராவிலிருந்து. இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது கடைசிச் சொல்லில் நான் நின்றுவிட்டேன். ஆக்ராவின் காலணித் தொழில் ஜாதவ் மக்களின் உழைப்பின்மேல் நிற்பது. தோல் பதனிட்டு, வெட்டி, தைத்து, அந்த நகரத்தையே செருப்பு நகரமாக்கியவர்கள். அம்பேத்கரை வடக்கே முதலில் தூக்கிப் பிடித்தவர்களிலும் அவர்கள் உண்டு. அக்பராக நடந்த பிருத்விராஜ் கபூரின் கால்களில் கிடந்தது அந்த ஊர்ச் செருப்பு. அந்தப் படத்தின் ஒன்றரைக் கோடியில் செருப்புக்குப் போன பணம் எவ்வளவு, தைத்தவர் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மதுபாலாவைக் கட்டிய சங்கிலியின் எடையைப் பற்றி மட்டும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

அதே ஆக்ராவில் 1956 மார்ச் 18ஆம் நாள் பாபாசாகேப் பேசினார். படித்த நம் மக்கள் தம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வேதனைப்பட்ட புகழ்பெற்ற உரை அது. நான்கு வாரம் கழித்து ஏப்ரல் 13இல் இங்கே 'மதுரை வீரன்' வெளியாகிறது. மறுநாள் ஏப்ரல் 14, அவர் உயிரோடிருந்த கடைசிப் பிறந்தநாள். அக்டோபரில் நாக்பூரில் தம் மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6இல் மறைந்தார். உன் பிறப்பை மாற்ற வேண்டாம், உன்னைத் தாழ்த்திய மதத்தை மாற்று என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டில், தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் நம் வீரனின் பிறப்பு மாறிக்கொண்டிருந்தது. இவற்றை நான் முடிச்சுப் போடவில்லை. ஒரே ஆண்டின் நாட்காட்டியில் இருக்கின்றன என்று காட்டுகிறேன்.

நம் மாவட்டத்துக்கு வராமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2012 நவம்பர் 7ஆம் தேதி மாலை நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் 250 வீடுகளுக்கு மேல் எரிந்தன. சேரி இளைஞர் ஒருவரும் ஊர்ப்பெண் ஒருவரும் மணம் செய்துகொண்டதைச் சாக்காக வைத்து எரித்தார்கள். மறு ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அந்த இளைஞர் தருமபுரி அரசு கலைக் கல்லூரியை ஒட்டிய தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். உங்களில் பலர் அன்று அந்த இடத்தில் நின்றவர்கள். நான் விவரிக்கத் தேவையில்லை.

அந்த நாட்களில் மேடைக்கு மேடை ஒரு சொல் கேட்டது: நாடகக் காதல். ஜீன்ஸும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு நம் பையன்கள் வேடம் கட்டி ஏமாற்றுகிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு டெக்கில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. எம்.ஜி.ஆருக்குச் சரிகைச் சட்டையும் தலைப்பாகையும் போட்டபோது யாரும் அதை நாடகக் காதல் என்று சொல்லவில்லை. வீரன் வேடம் கட்டிய இளவரசன் என்பதால் அந்தக் காதலுக்குக் கைத்தட்டினார்கள். எங்கள் ஊரில் அன்று நாற்காலியில் உட்கார்ந்து அதே படத்துக்கு விசிலடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பின்னாளில் எந்தக் கூட்டத்தில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். வீரனின் குதிரைக்கும் எங்கள் பையனின் பைக்குக்கும் நடுவில் காசி ராஜா நின்றுகொண்டிருந்தார்.

2012க்குப் பிறகு நான் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். எரிந்த வீடுகளுக்காகத் தட்டுமுட்டுச் சாமான் சேகரித்துக்கொண்டிருந்தார். என் சந்தேகத்தைக் கேட்டேன். "அண்ணே, நீங்க கட்டுற வீரன் கூத்துல காசி ராஜா எப்ப வருவாரு?" அவர் சிரித்தார். "வரமாட்டாரு. எங்க வாத்தியாரு சொல்லிக்குடுத்ததுல அவரு கெடையாது. கட்டியங்காரன் வந்ததும் சின்னான் வூட்லதான் கத. செல்லிக்கு வலி எடுக்கும். மருத்துவச்சி வருவா." அவர் கூத்தில் செல்லி பெறுகிறாள். திரைக்குப் பின்னால் குழந்தை அழும் சத்தத்தை மிருதங்கக்காரர் வாயால் எழுப்புவார். நானும் சின்ன வயதில் அந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் தூங்கிவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. டெக்கில் பார்த்ததுதான் மனதில் தங்கியிருந்தது.

இது முந்தைய வடிவமா, அல்லது எங்கள் ஆட்கள் எப்போதோ திருத்திய வடிவமா என்று ஆய்வாளர் கேட்கலாம். கேட்கட்டும். வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர், அதே தெலுங்கு பேசிய பாளையக்காரன் மகளை மணந்த கதையைத் தமிழ்க் கூத்தாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்க்க ஒரு முழு ஆய்வு வேண்டும். பெரிய எழுத்துப் பதிப்பையும் படத்தின் வசனத்தையும் வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. செல்லி பிள்ளை பெறும் கூத்துப் பிரதி எதுவும் இதுவரை அச்சில் என் கண்ணில் படவில்லை.

வாத்தியாரின் பிரதி இரண்டு நோட்டுகளில் இருக்கிறது. தகரப் பெட்டியில், கிரீடத்துக்கும் புஜகீர்த்திக்கும் அடியில் அவருடைய மகள் வைத்திருக்கிறார். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். முதல் நோட்டில் மருத்துவச்சி வரும் பக்கங்களில் மை ஊறி மறுபக்கம் தெரிகிறது. சில வரிகளைப் படிக்க முடியவில்லை. அவரோடு பின்பாட்டுப் பாடியவர்களில் இருவர் இந்த அவையில் இருக்கிறீர்கள், இன்னொருவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். வரும் தை மாதத்துக்குள் மூவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, விட்டுப்போன வரிகளைப் பாடச்சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டைக் கொடுப்பதற்கு அந்தத் தங்கை சம்மதித்திருக்கிறார். பெட்டியை மட்டும் தரமாட்டேன் என்கிறார்.